சாமி வராமலும் சொல்லலாம்: பெண்ணியக் கவிதை இரவு என்றால் என்ன?

போன மாதம் சித்தி மகள் ஃபோனில் கூப்பிட்டாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். “எக்கா, வாட்ஸப்புல ஒரு நோட்டீஸ் வந்திருக்கு. பெண்ணிய ஸ்போக்கன் வேர்ட் இரவுன்னு போட்டிருக்கு. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் மாதிரியா? ஃபீஸ் உண்டா?”

சிரித்துவிட்டேன். ஆனாலும் அவள் கேட்டதில் தப்பில்லை. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால், ‘ஸ்போக்கன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘இங்கிலீஷ்’ தவிர வேறெதையும் பார்க்க முடியாது. அன்றைக்கு அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கவிதை என்றாலே பள்ளிக்கூட மனப்பாடப் பகுதிதான் ஞாபகம் வரும் என்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் பெயர். வாயால் சொல்வதற்கென்றே கட்டப்படும் கவிதையை ஸ்போக்கன் வேர்ட் என்கிறார்கள். எழுதி வைத்துக்கொள்ளலாம், தாளைப் பார்த்தும் வாசிக்கலாம், அதெல்லாம் குற்றமில்லை. ஆனால் ஒருத்தி வாய் திறந்து சொல்லி, எதிரே இருப்பவர் காதில் அது விழும்போதுதான் கவிதை முழுசாகிறது. எங்கே மூச்சு விடுகிறாள், எங்கே குரல் தணிகிறது, எந்தச் சொல்லை இரண்டாம் தடவை சொல்கிறாள் என்பதெல்லாம் கவிதைக்குள் அடக்கம். தமிழில் நிகழ்த்துக் கவிதை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதைக் கேட்டால் சலங்கை கட்டிக்கொண்டு வர வேண்டும் போலிருக்கிறது. பேச்சுக் கவிதை என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

“அப்போ கவியரங்கமா?” என்றாள் அடுத்து. இல்லை. கவியரங்கத்துக்குத் தலைமை உண்டு, தலைப்பு உண்டு, அழைக்கப்பட்ட கவிஞர்கள் உண்டு. ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்திப் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். இங்கே வாசலில் ஒரு நோட்டு இருக்கும். பேச நினைப்பவர் அதில் பேரை எழுத வேண்டும். முறை வரும்போது எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் ஐந்து. புத்தகம் போட்டவரா, முதல் தடவை மைக்கைத் தொடுபவரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதை ஓப்பன் மைக் என்கிறார்கள்.

இந்த வடிவத்தின் வெளிநாட்டுக் கதையைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் மார்க் ஸ்மித் என்று ஒரு கட்டடத் தொழிலாளி. கவிஞர்கள் தங்களுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொள்ளும் கூட்டங்கள் அவருக்கு அலுத்துப்போயின. 1980-களின் நடுவில் ஒரு மதுக்கடையில் கவிதை வாசிப்பைத் தொடங்கி, 1986-ல் கிரீன் மில் என்ற இடத்துக்கு அதைக் கொண்டுபோய்ப் போட்டியாகவே ஆக்கினார். அதற்கு ஸ்லாம் என்று பெயர். பிற்பாடு நிலைத்துப்போன விதிகள் வேடிக்கையானவை: கூட்டத்திலிருந்தே ஐந்து பேரை நடுவராக்குவார்கள், பத்துக்கு இத்தனை என்று போடுவார்கள், ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவார்கள். மூன்று நிமிஷம்தான், வாத்தியமும் வேஷமும் கூடாது. 1990-ல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது.

அதற்கு முன்னாலேயே, நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறியவர்கள் 1973-ல் நியூயோரிக்கன் கவிஞர்கள் கஃபேயைத் தொடங்கி, தாங்கள் தெருவில் பேசும் கலவை மொழியிலேயே கவிதை சொன்னார்கள். கறுப்பினப் பெண்களும் காத்திருக்கவில்லை. ந்டோசாகே ஷாங்கே கவிதையையும் ஆட்டத்தையும் சேர்த்துச் செய்த மேடைப் படைப்பு 1976-ல் பிராட்வே அரங்குவரை போனது.

நம் பக்கத்துக் கூட்டங்களில் நான் பார்த்தவரை மதிப்பெண் கிடையாது. அது நல்லது என்பது என் கட்சி. ஒருத்தி தன் புருஷன் வீட்டில் பட்ட அடியைச் சொல்லி முடிக்கிறாள். முன்வரிசையில் ஒருவர் ஏழரை என்று அட்டையைத் தூக்கினால் எப்படியிருக்கும்?

சரி, பெண்ணியம்? சித்தி மகள் இந்த இடத்தில் குரலைத் தணித்துக்கொண்டு, “ஆம்பிளைகளத் திட்டுவாங்களாக்கா?” என்றாள். திட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் திட்டுவதற்குக் கூட்டம் எதற்கு, அடுக்களையே போதும். பெண்ணுக்கு ஒரு கணக்கு, ஆணுக்கு ஒரு கணக்கு என்று வீட்டிலும் வேலையிலும் தெருவிலும் வைத்திருக்கிறோமே, அது மழை மாதிரி தானாகப் பெய்ததில்லை, மனிதர்கள் போட்ட கணக்கு, அதனால் மாற்றிப் போடலாம் என்ற எண்ணத்துக்குத்தான் அந்தப் பெயர்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். காகிதத்தில் பார்த்தால் பெண்கள் பொற்காலத்தில் இருக்கிறார்கள். ஆனால் பெண்ணின் படிப்பு கூடக் கூடப் பவுனும் கூடுமா குறையுமா என்று ஒரு கல்யாணத் தரகரிடம் கேட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதும் சொல்ல முடிவதும் ஒன்றா என்ற சந்தேகம் அங்கேயே வந்துவிடும்.

பிணம் வேண்டும், இல்லையென்றால் சாமி வேண்டும்

சிகாகோ கதையைக் கேட்டுவிட்டு இது இறக்குமதிச் சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. வாயால் சொல்லி ஊரைக் கட்டிப்போடும் கலை கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் புதுசா என்ன? ஆனிக்கும் ஆடிக்கும் கொடை என்னும் திருவிழா நடக்கும் கோயில்களில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மணிகள் கட்டிய வில், வீசுகோல், குடம், உடுக்கை, கட்டை, தாளம். பாடுகிறவர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்துவார், பக்கத்திலிருப்பவர் ‘ஆமா’ போடுவார். அந்த ‘ஆமா’ இல்லாவிட்டால் கதை நகராது.

நியூயார்க் பக்கம் நல்ல வரி வந்தால் விரலைச் சொடுக்குவார்கள். கைதட்டினால் அடுத்த வரி அமுங்கிப்போகுமே. நாகர்கோவிலில் ஒரு தடவை தொகுப்பாளர் எங்களுக்கும் சொடுக்கச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பத்து நிமிஷம் சொடுக்கினோம். அப்புறம் பின்னாலிருந்த ஒரு பெரியம்மா, அவர்பாட்டுக்கு, “ஆமா!” என்றார். அதோடு சொடுக்குப் போயிற்று. இப்போதெல்லாம் ‘ஆமா’தான். ரொம்பப் பிடித்துவிட்டால் ‘கொள்ளாம்’, நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

வில்லில் பாடப்படும் கதைகளில் பெண்கள் நிறைய. ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில் கோயில் கொண்டிருக்கும் இசக்கியின் கதை எல்லோருக்கும் தெரியும். நகைக்காகக் கொல்லப்பட்டவள் பழிவாங்கத் திரும்பி வருகிறாள். பவுன் கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும். ஆனால் வில்லின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கதையைப் பாடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சிறு வயதிலேயே வீசுகோல் எடுத்து ஊர் ஊராகப் பாடிய பூங்கனி அம்மாள் போன்றவர்கள் அபூர்வம். நம் மாவட்டத்துக்காரர்தான், 2018-ல் காலமானார்.

சரி, பெண்கள் தாங்களே சொன்னது எங்கே? இரண்டு இடங்கள் எனக்குத் தெரியும். ஒன்று சாவு வீடு. ஒப்பாரியில் ஒரு பெண் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மாமியார் சோறு போடாததைச் சொல்லலாம். பங்கு கொடுக்காத அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லலாம். செத்துக் கிடக்கிறவர் இருந்தபோது செய்ததையும் சொல்லலாம். சந்தமும் உவமையும் அந்த நேரத்தில் எங்கிருந்து வருமோ, அப்படி வரும். யாரும் வாயை மூடு என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று கொடை. வருஷம் முழுக்க வாய் திறக்காத மருமகள்மேல் அம்மன் வந்துவிட்டால், மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகட்டி நிற்பார். “எனக்க பிள்ளைய ஏன் அழவச்ச?” என்று அவள் கேட்பாள். “தெரியாமச் செஞ்சிட்டோம் தாயே” என்பார்கள். திருநீறு பூசித் தணிப்பார்கள். மறுநாள் காலையில் அதே மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். நேற்றுச் சொன்னதெல்லாம் அம்மன் கணக்கில் போய்விட்டது. அவள் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை.

இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒப்பாரியைவிட அழகான பேச்சுக் கவிதையை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. ஆனால் நிபந்தனையைக் கவனியுங்கள். ஒரு பெண் மனசிலிருப்பதைச் சபையில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு பிணம் வேண்டும், இல்லையென்றால் ஒரு சாமி வேண்டும். இரண்டும் இல்லாத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில், தன் பேரில், தன் வாயால், நாலு பேர் காது கொடுத்துக் கேட்கச் சொல்ல இடம் எது? பெண்ணியக் கவிதை இரவு என்பது அந்த இடம்தான். இந்தக் கட்டுரையில் இது ஒன்று மட்டும் ஞாபகம் இருந்தால்கூட எனக்குப் போதும்.

மேடையே இல்லாமல் அது நடந்ததும் உண்டு. 2021 டிசம்பரில், மீன் விற்று வந்த ஒரு அம்மாவை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். குளச்சல் பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் உரத்த குரலில் நியாயம் கேட்ட வீடியோ தமிழ்நாடு முழுக்கப் போயிற்று. பணியில் இருந்தவர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அந்த வீடியோவை வார்த்தையை விட்டுவிட்டு ஓசையை மட்டும் கேட்டுப் பாருங்கள். கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறபோது வருகிற வேகத்தை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் சொல்லித்தர முடியாது.

தாளிலிருந்து வாய்க்கு

இனி ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எங்கள் தெருவில் ஒரு அக்கா அண்டி ஆபீசுக்குப் போகிறார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: முந்திரி ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். முந்திரிக்கொட்டையின் தோட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் அரித்துப் புண்ணாக்கிவிடும். வருஷக்கணக்காக அண்டி தல்லுகிறவர்களின், அதாவது கொட்டையை உடைக்கிறவர்களின், விரலைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம், கறுத்து, வழவழவென்று இருக்கும். ஒரு நாள் ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் அவர் விரலை ஏற்கவில்லை. வந்து என்னிடம் சொன்னார். அவரிடம் கேட்டுக்கொண்டு நான் எழுதினேன். முதலில் எழுதியது இப்படி இருந்தது:

என் விரல்களில் இப்போது
ரேகைகள் இல்லை.
முந்திரித் தோட்டின் எண்ணெய்
அவற்றைத் தின்றுவிட்டது.
நான் யாரென்று
இயந்திரத்துக்குத் தெரியவில்லை.

பத்திரிகைக்கு அனுப்பினால் ஒருவேளை போடுவார்கள். நின்று சொல்லிப் பார்த்தபோது செத்துக் கிடந்தது. என்ன குறை என்று ரெண்டு நாள் யோசித்தேன். முடிவை நான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். கேட்கிறவர் அந்த வரிசையில் நிற்கவே இல்லை. அதனால் அவர் என்னிடம் சொன்ன மாதிரியே திரும்ப எழுதினேன்:

வெரல வையின்னாவ, வச்சேன்.
தொடச்சிட்டு வையின்னாவ, தொடச்சிட்டு வச்சேன்.
மத்த வெரல வையின்னாவ, வச்சேன்.
பத்து வெரலும் வச்சேன்.
மிசினு சொல்லுது,
ஆளு இல்லையாம்.
முப்பது வருசம் அண்டி தல்லுன கையி.
எனக்க ரேக எங்க போச்சுன்னா கேக்கிய?
நீங்க குடிச்ச பாயாசத்துல கெடக்கும்.
தேடிப் பாருங்க.

இப்போது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், மனசுக்குள் படித்தால் பாதிதான் கிடைக்கும். முதல் மூன்று ‘வச்சே’னையும் மடமடவென்று சொல்லிவிட வேண்டும், கீழ்ப்படிந்து பழகிய கைக்கு வேகம் அதிகம். நாலாவது ‘வச்சேன்’ பைய வர வேண்டும். ‘மிசினு சொல்லுது’ என்றதும் நிறுத்த வேண்டும். எவ்வளவு நேரம்? அந்த இயந்திரம் யோசிக்கிற அளவுக்கு நேரம். ரேஷன் கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அந்த இடைவெளி தெரியும், சபையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ‘இல்லையாம்’. அந்த ‘ஆம்’ இருக்கிறதே, அதில்தான் விஷயம். ‘இல்லை’ என்றால் அது செய்தி. ‘இல்லையாம்’ என்றால், யாரோ ஒருவன் சொல்கிறான், நான் இங்கே நின்றுகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். ‘எனக்க ரேக’ என்பதை ‘என்னுடைய ரேகை’ என்று மாற்றினால் தாலுகா ஆபீஸ் மனு மாதிரி ஆகிவிடும்.

பேச்சுக் கவிதைக்கு வரும் புதுப் பிள்ளைகள் செய்கிற முதல் தப்பு இதுதான். வீட்டில் ‘மக்கா’, ‘பைய’, ‘அவிய’ என்று பேசிக்கொண்டிருப்பவள் மைக்கைப் பார்த்ததும் ரேடியோத் தமிழுக்கு மாறிவிடுகிறாள். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுப் பிள்ளைக்கு அவள் பேச்சில் மலையாள வாடை அடிப்பதில் வெட்கம் வேறு. வெட்கப்படவே வேண்டாம், அதுதான் அவளுடைய மூலதனம். இரண்டாவது தப்பு கத்துவது. கோபம் என்றால் உரத்த குரல் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ. மேலே உள்ள பத்து வரியையும் கிட்டத்தட்ட கிசுகிசுப்பாகவே சொல்லலாம். அப்படிச் சொன்னால் கடைசி வரி இன்னும் மோசமாகச் சுடும்.

யார் சொல்வது?

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். கை அந்த அக்காவுடையது. கவிதையைச் சொன்னது நான்.

இது பழைய சிக்கல். நம் தேரூர்க்காரர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எழுதிய ‘மருமக்கள்வழி மான்மியம்’ நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் இருந்த, சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும் மருமக்கள்வழிச் சொத்துரிமையைக் கிழித்துத் தொங்கவிட்ட நூல். அதில் பேசுவது ஒரு பெண். ஒருவனுக்கு ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் தன் பாட்டைத் தானே சொல்வதாக அமைத்திருக்கிறார். படித்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். 1926-ல் அந்த முறையை மாற்றிச் சட்டமும் வந்தது. கவிமணி செய்தது பெரிய காரியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த ஐந்தாவது மனைவி எழுதியிருந்தால் என்னவெல்லாம் மாறியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. சிரிப்பு குறைந்திருக்குமோ? கூடியிருக்குமோ?

அதற்கும் முன்னால் தோள்சீலைப் போராட்டம். 1820-களில் தொடங்கி 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசர் அறிவிப்பு வெளியிடும்வரை, மாரை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக நாடார் பெண்கள் சந்தையிலும் தெருவிலும் அடிபட்டார்கள், அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. அதைப் பற்றி நாம் இன்று படிப்பதில் பெரும்பகுதி மிஷனரிமார் எழுதிய கடிதம், அதிகாரிகள் எழுதிய அறிக்கை, அரசர் போட்ட உத்தரவு. சேலையை இழுத்தபோது அந்தப் பெண் என்ன சொன்னாள்? அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் அன்று யாரும் நீட்டவில்லை.

எழுதினாலும் சும்மா விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. 2002-ல் குட்டி ரேவதியின் தொகுப்பு ‘முலைகள்’ என்ற தலைப்போடு வந்தபோது எத்தனை வசவு. அதே காலத்தில் எழுதிய சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி எல்லோருக்கும் அந்த வசவில் பங்கு கிடைத்தது. தாளில் இருக்கும்போதே அப்படி. அதே சொல்லைச் சபையில் நின்று, அம்மாவும் பக்கத்து வீட்டு மைனியும் பார்த்துக்கொண்டிருக்க, வாயால் சொல்வது இன்னொரு மலை. ஒரு கூட்டத்தில் ஒரு பிள்ளை ‘மாதவிடாய்’ என்று எழுதி வைத்திருந்ததை மேடையில் ‘அந்த மூணு நாள்’ என்று மாற்றிச் சொன்னாள். அடுத்த கூட்டத்தில் அதே கவிதையைத் திரும்பக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை ‘தூரம்’ என்றாள், அவள் பாட்டி சொல்லும் சொல். ‘ஏன் தூரம்? யாருக்கு யார் தூரம்?’ என்று அங்கிருந்தே புதுசாகத் தொடங்கினாள். எழுதி வைத்ததைவிட நன்றாக இருந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது குறுந்தொகையில் ஔவையார் பாடிய 28-ஆம் பாட்டு ஞாபகம் வருகிறது. முட்டவா, தாக்கவா, ‘ஆஅ ஒல்’ என்று கூவவா, என் நோய் தெரியாமல் இந்த ஊர் தூங்குகிறதே என்று கேட்கிறாள் ஒருத்தி. அது காதல் நோய், நம்முடையது பல நோய். ஆனால் ஊர் தூங்குவது ஒன்றுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். கவிதை இரவு என்று பேர்தானே தவிர, நம் மாவட்டத்தில் அது சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிந்துவிடும். காரணம் இலக்கியமே இல்லை, பஸ். குலசேகரத்துக்கும் தூத்தூருக்கும் போகிறவள் வீடு சேர வேண்டாமா? இரவு ஒன்பது மணிக்குப் பெண்கள் கூட்டம் என்று போடுகிறவர் பெண்கள் எப்படி வீடு திரும்புகிறார்கள் என்று யோசித்துப் பார்க்காதவர். முதல் தடவை போனால் பேசவேண்டிய அவசியமில்லை. பாதிப்பேர் கேட்கத்தான் வருகிறார்கள், கேட்பவர் இல்லாமல் இந்தக் கவிதையும் இல்லை. பேசி முடித்தவரிடம் போய், “இது நெசமா நடந்ததா?” என்று கேட்காதீர்கள். சொல்ல நினைத்ததை அவர் சொல்லிவிட்டார். அடி, வன்முறை பற்றிச் சொல்லப்போகிறவர் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். தாங்க முடியாதவர்கள் வெளியே போய்ச் சுக்குக்காப்பி குடித்துவிட்டு வரலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஃபோன் விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறார். வாசலில் ஒரு பனையோலைப் பெட்டி வைத்திருப்போம், ஃபோனை அதில் போட வேண்டும். முன்பு அப்படி இல்லை. ஒரு பிள்ளை சொன்னதில் நாற்பது விநாடியை யாரோ எடுத்து அனுப்ப, அது அவள் குடும்ப குரூப்புக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் அப்புறம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் பெட்டி வந்தது.

ஆண்கள் வரலாமா? வரலாம், வருகிறார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து முதல் பேராகக் கொடுத்து, பெண்மையைப் போற்றி எட்டு நிமிஷம் பாடாமல் இருந்தால் சந்தோஷம். தாய், நதி, நிலா மூன்றும் எங்களுக்கு ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன.

நடத்த நினைப்பவர்களுக்கு: பெரிய ஹால் வேண்டாம். ஒரு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். நோட்டீஸில் ‘பெண்ணிய’ என்ற சொல்லைப் பார்த்ததும், குடும்பமாக வருகிற இடம் என்று சொல்லி முதலாளி பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். வந்தவர்களெல்லாம் குடும்பத்திலிருந்து வருகிறவர்கள்தான் என்று சொல்லிப் பார்த்தோம், நடக்கவில்லை. கடைசியில் ஒரு தோழி வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் நடத்தினோம். ஐப்பசி மாதம். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் மைக் இருந்தும் பிரயோஜனமில்லை. அப்போது முறை வந்திருந்தவள், தோவாளையில் பூக்கட்டுகிறவள், சும்மா நின்றாள். அப்புறம் மைக்கை வைத்துவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் இருபது பேரும் நாற்காலியை விட்டு இறங்கி அவளைச் சுற்றி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு முழம் என்பது யார் கை முழம் என்பதைப் பற்றிய கவிதை அது. கையால் அளந்து காட்டிக்கொண்டே சொன்னாள். மைக்கில் சொல்லியிருந்தால் அந்தக் கையை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

அண்டி ஆபீஸ் அக்காவிடம் அந்தப் பத்து வரியைப் படித்துக் காட்டினேன். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “தேடிப் பாருங்கன்னா யாரு மக்ளே தேடுவா? கடிச்சுப் பாருங்கன்னு சொல்லு” என்றார்.

மாற்றிக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் நீங்களே வந்து சொல்லுங்களேன் என்று கேட்டேன்.

“என்னைக்கு?”

“சனிக்கிழமை நாலு மணிக்கு.”

“சனிக்கெழம ஆபீசு உண்டு. ஞாயித்துக்கெழமைன்னா பாக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம். சித்தி மகளுக்கும் சொல்லிவிட்டேன், ஃபீஸ் இல்லை என்று.